பாட்டிலுக்குள் இருந்த காற்று

ஒயின் பழசாகப் பழசாகத்தான் ருசி என்று முதலில் சொன்னவன் கையில் கிடைத்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். திறந்த பாட்டிலா, திறக்காத பாட்டிலா? அதைச் சொல்லாமல் பாதி வாக்கியத்தை ஊருக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டான். அதை நம்பியதால் என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, ஐம்பத்திரண்டு வயதில், இருபது பேர் முன்னால் நான் நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

நான் கோபக்காரன் இல்லை. வேலை செய்யும் இடத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிட்டு, பிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்பார்கள். ஆனால் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் கொஞ்சம் அந்தப் பழமொழிக்காரன் மேல். கொஞ்சம் சம்பந்தியம்மா மேல். மிச்சம் முழுக்க என் மேல்.

என் மனைவி ராயபுரத்துப் பெண். வருஷா வருஷம் நவம்பரில் பன்னீர் திராட்சை வாங்கி, கழுவி, துணியில் பரப்பி உலர்த்தி, ஜாடியில் சர்க்கரையோடு பிசைந்து போடுவாள். ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. தினமும் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வடிகட்டி பாட்டிலில் அடைப்பாள். எங்கள் காலடிப்பேட்டைத் தெருவில் கேக் கொடுக்கப் போகும்போது, கேக்கை வாங்கிக்கொண்டு, "ஒயினு இல்லியா?" என்று கதவைப் பிடித்தபடி நிற்பவர்கள் உண்டு. சர்ச்சில் இல்லாதவர்களும் நிற்பார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை. தையல் வேலையில் கிடைக்காத பெருமை. ரவிக்கை சரியாக இருந்தால் யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை, இறுக்கினால்தான் வருவார்கள்.

போன வருஷம் அவள் ஒரு பெரிய பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்தாள். மகளுக்கு ஜனவரி மூன்றாவது வாரம் நிச்சயம். மகள் வேலை செய்யும் இடத்தில் பார்த்துப் பிடித்த பையன். நல்ல பையன், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுடைய அம்மாவும் ராயபுரத்தில் பிறந்தவர்தான், என் மனைவியின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இருபது வருஷத்துக்கு முன்னால் அண்ணா நகர் போனவர். அவர் போனில், ஒயின் நாங்கள் கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கி வருகிறோம், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார். என் மனைவி, வேண்டாம், என் பெண் நிச்சயத்துக்கு நான் போட்ட ஒயின்தான் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு போனை வைத்தவள் அந்தப் பாட்டிலைத் துடைத்தாள். அதில் தூசியே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நான் வேலை செய்யும் கண்டெய்னர் யார்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மனைவி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மற்ற பாட்டில்கள் காலி. வந்தவர்களைப் பச்சைத் தண்ணீர் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மனசு என்று சொல்வது மரியாதைக்காக. எனக்கே ஆசை. ஒரு டம்ளர் எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று திறந்தேன். ஆளுக்கு ஒரு டம்ளர் எடுத்தோம். பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் வந்தவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று காதைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். கத்தவில்லை.

"தெறந்துட்ட. சரி. இனிமே காத்து படாம வெச்சிக்க. ஃப்ரிட்ஜ்ல வை. இது உன் பொறுப்பு."

அந்த 'காத்து படாம' என்ற வார்த்தையில்தான் நான் விழுந்தேன். அதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ஏனென்றால் என் தொழிலே அதுதான்.

யார்டில் நான் சர்வேயர். திரும்பி வரும் காலி கண்டெய்னர்களில் ஓட்டை ஒடுக்கு பார்த்து எழுதுவது வேலை. உள்ளே போய் நிற்பேன், வெளியில் இருப்பவர் கதவை இழுத்து அடைப்பார். கும்மிருட்டு. அந்த இருட்டில் ஊசி முனை அளவு வெளிச்சம் எங்காவது தெரிந்தால், அங்கே காற்று புகும், மழை புகும். சாக்பீஸால் வட்டம் போடுவேன். கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்று என்று எழுதுவேன். இருபத்தாறு வருஷமாக வெளிக் காற்றை உள்ளே விடாமல் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை. எங்களைப் போலத் திருவொற்றியூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் அழுகிய முட்டை நாற்றம். ஒரு நாள் எரிந்த ரப்பர். ஒரு நாள் பெயர் தெரியாத ஒரு இனிப்பு வாசனை, அதுதான் ரொம்பப் பயம். எந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்று கேட்டால் வடக்கே கை காட்டுவார்கள், வடக்கே போய்க் கேட்டால் தெற்கே கை காட்டுவார்கள். வாசனை வந்ததும் என் வீட்டில் ஆளுக்கொரு வேலை. மகள் ஜன்னல், மனைவி துணி காயும் கொடி, நான் கதவடியில் ஈரத் துண்டு. கையைப் பிடித்து யாரும் சொல்லித் தரவில்லை, தூக்கத்தில்கூடச் செய்வோம். எங்களுக்குக் காற்று என்றால் அது வெளியிலிருந்து வருவது. வேறு மாதிரி யோசிக்க மூளைக்குள் இடமே இல்லை.

ஒயினை ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் திறந்தால் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. கருவாட்டு வாசம் ஏறிவிடுமே என்று வெளியே எடுத்தேன். அது முதல் முட்டாள்தனம். இறுக்கமாக மூடிய பாட்டிலுக்குள் கருவாடு எப்படிப் புகும் என்று யோசிக்காத சர்வேயர் நான்.

எடுத்துப் படுக்கையறை பீரோவில் வைத்தேன். பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் கறுப்பு டேப், அதன் மேல் ஈரத் துணி. வாசனை வந்த நாட்களில் அறையின் ஜன்னலையும் அடைத்து, கதவடியில் துண்டு வைத்துவிட்டு, குடும்பத்தை ஹாலில் உட்கார வைத்தேன். மகள், அப்பா எங்களைவிட ஒயினைத்தான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்றாள். நான் சிரித்தேன். கூடவே இன்னொரு காரியமும் செய்தேன். யார்டில் பழக்கம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை டேப்பை உரித்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, திருப்தியாகத் திரும்ப மூடினேன். ஒன்றிரண்டு தடவை மோப்பத்தோடு நிற்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நிச்சயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது என் நண்பன் வந்தான். கப்பலில் சமையல்காரனாக இருந்து இறங்கியவன். பீரோவைத் திறந்து, மூன்று சுற்று டேப் சுற்றிய பாட்டிலைப் பெருமையாகக் காட்டினேன். அவன் உரித்து, ஒரு மோப்பம் பிடித்து, என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமு, புளிச்ச காடி வாசம் அடிக்குது. எத்தினி நாளாச்சு தெறந்து?"

மூன்று வாரத்துக்கு மேல் என்றேன். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"காத்து படாம வெச்சிக்கீறேன்னு சொல்ற. பாதி பாட்டிலு காலியா கீது. அதுல இன்னா கீது?"

நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றேன்.

"ஒண்ணும் இல்லன்னா அது காத்து, மாமு. உள்ளயே வுட்டு, மேல சீல் வெச்சிக்கீற."

அவன் சொன்னதை இப்போது நினைவிலிருந்து சொல்கிறேன். திறந்த ஒயினுக்கு வயசு மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். இனிப்புத் தூக்கலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும், ஆனால் வீட்டில் போடும் ஒயினில் கெடாமலிருக்க மருந்து எதுவும் கலப்பதில்லை, அதனால் அதை நம்பக் கூடாது. மிச்சம் இருந்தால் அன்றைக்கே சின்ன பாட்டிலுக்கு மாற்றி, கழுத்து வரை நிரப்பி, காற்றுக்கு இடமே இல்லாமல் மூட வேண்டும். ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைக்க வேண்டும், சிவப்பு ஒயினானாலும். சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது. அடிக்கடி திறந்து மோந்து பார்ப்பவன் ஆகவே ஆகாது. கப்பலில் அவன் மிச்ச பாட்டில்களை இப்படித்தான் வைப்பானாம். இதையெல்லாம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சொல்ல வேண்டியவன், நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து சொல்கிறான் என்று அவன் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவனை அன்றைக்குக் கூப்பிடாதது நான்தான்.

அன்றைக்கே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் இருந்தது, கடையில் வாங்கியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்க்கரை போட்டேன். நான்கு கரண்டி. குலுக்கினேன். திரும்ப டேப் சுற்றினேன். மனைவி கேட்டபோதெல்லாம், நல்லா கீது, நல்லா கீது என்றே சொன்னேன்.

நிச்சயத்தன்று காலையில் அந்த எரிந்த ரப்பர் வாசனை. ஜன்னல்களை அடைத்துவிட்டு, இருக்கிற இரண்டு மின்விசிறியையும் முழு வேகத்தில் விட்டு, பட்டுப்புடவையும் பட்டு வேட்டியுமாக எல்லோரும் வேர்த்தோம். சம்பந்தியம்மா உள்ளே வந்ததிலிருந்து கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவர். ராயபுரத்துக் கருவாட்டு வாடையில் வளர்ந்த மூக்கு அது. எனக்கு அங்கேயே எரிய ஆரம்பித்துவிட்டது. ஃபாதர் வந்தார், மோதிரத்தை மந்திரித்தார், மாற்றிக்கொண்டார்கள், கேக் வெட்டினார்கள். என் மனைவி சின்னக் கண்ணாடிக் கிளாஸ்களில் ஒயினை ஊற்றித் தட்டில் வைத்து ஒவ்வொருவராக நீட்டினாள். முதல் கிளாஸ் சம்பந்தியம்மாவுக்கு. ஊற்றும்போதே அவளுக்கு வாசனை தெரிந்திருக்கும். இருபது பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வாள்.

சம்பந்தியம்மா உதட்டில் வைத்தார். முகம் சுருங்கியது. கிளாஸை மெதுவாகத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"புளிச்சுப் போயிடுச்சு. நான் உங்களைக் குறை சொல்லலை சம்பந்தி. இந்த ஏரியா காத்துக்கு எதுதான் தாங்கும்? அதுக்குத்தான் நான் கடையில வாங்கிடறேன்னு சொன்னேன்."

அவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆமாம், காத்துதான், இங்கே துணிகூட வெளுப்பதில்லை என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அதைவிட நல்ல சாக்கு பிறவியில் கிடைக்காது. ஒரு தலையாட்டல் போதும், தப்பித்துவிடலாம். தலை பாதி ஆடியும் விட்டது. அப்போது மனைவியைப் பார்த்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் காலையில் இந்தக் காற்றை என்னைவிட மோசமாகத் திட்டுகிறவள் அவள். ஆனால் மூன்று வாரம் அவள் கையில் பிசைந்தது, மூன்று மணி நேரம் வடித்தது, எல்லாம் 'இந்த ஏரியா' என்ற ஒரு வார்த்தைக்குள் போய் நின்றது. அவளும் அதற்குள்தான் நின்றாள். எங்கள் காற்றை நாங்கள் திட்டுவோம். தப்பித்துப் போனவர்கள் கைக்குட்டையோடு வந்து திட்டக் கூடாது. பல்லைக் கடித்தேன். அந்தக் கோபத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"காத்து மேல பழி போடாதீங்க சம்மந்தி. காத்து கலீஜ்தான், நாங்க இல்லன்னு சொல்லல. ஆனா இத கெடுத்தது நானு. முழு பாட்டில தெறந்து பாதிய குடிச்சிட்டு, மிச்சத்த மூணு வாரம் பீரோல வெச்சிகினு, தெறந்து தெறந்து மோந்து பாத்துகினு இருந்தேன். கெட்டுப்போச்சின்னு தெரிஞ்சும் சர்க்கரய போட்டு மறச்சேன். இவ போட்ட ஒயினு நல்ல ஒயினு."

மகள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியதில் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, மாப்பிள்ளைப் பையன் வாயைப் பொத்தியதும் தெரிந்தது. ஃபாதர், பிரியாணி ஆறிவிடும் என்றார். எல்லோரும் எழுந்தார்கள்.

நான் என்னவோ மனைவிக்காகப் பெரிய காரியம் செய்ததாக நினைத்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை. அன்று மத்தியானம் பாத்திரம் கழுவும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"மூணு நாளு எங்கிட்ட பொய் சொல்லிகினு இருந்தத, ஊர்ல எல்லார் முன்னாடியும்தான் எனக்குச் சொல்ல தோணுச்சா உனக்கு?"

அடுத்த ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வரும், தகவல் மகள் வழியாக வரும். மிஞ்சிய புளிப்பு ஒயினை மீன் ஊறுகாய்க்கு ஊற்றினாள். ஊறுகாய் பிரமாதம். அதைச் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு சம்பந்தியம்மா போன் வந்தது. ஈஸ்டருக்கு அப்புறம் கல்யாணம், அதற்கு ஒயின் நாங்களே சீல் உடைக்காத பாட்டிலாக வாங்கிவிடுகிறோம் என்றார். என் மனைவி, சரிங்க என்றாள். அவ்வளவுதான். ஒரு சண்டைகூடப் போடவில்லை. தெருவே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒயினை, அவள் பெண் கல்யாணத்துக்கு, சரிங்க என்று விட்டுக்கொடுத்துவிட்டு, தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாள். என் கோபம் அதுவரை சும்மா புகைந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் பற்றியது. வெளிக் காற்றை விட்டவர்கள் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒரு பாட்டில் காற்றை விட்டவன் நான், நானாவது ஏதாவது செய்ய வேண்டாமா?

நண்பன் சொன்ன சின்ன பாட்டில் கணக்கு மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பாட்டிலில் அடைத்தால்தானே திறந்து மிச்சம் வைக்க வேண்டும். ஒரே தடவையில் தீர்கிற அளவில், கழுத்து வரை நிரப்பி, தனித்தனியாக அடைத்துவிட்டால்? அந்த அளவில் நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கிற கண்ணாடி பாட்டில் ஒன்றே ஒன்றுதான். குவாட்டர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, சாராயக் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் குனிந்து குனிந்து காலி பாட்டில் பொறுக்கினேன். சர்ச்சிலிருந்து வந்த பாதிப் பேர் பார்த்தார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். பை நிறையக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் பரப்பினேன். மனைவி வந்து பார்த்தாள்.

"இன்னாயா இது? நான் பேசலன்னு குடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு. சொன்னேன். காற்று, கழுத்து, குவாட்டர், எல்லாம். அவள் ஒரு பாட்டிலை எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, என் கையில் திணித்தாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் தேய், லேபிளைச் சுரண்டு, வெயிலில் கவிழ்த்து வை, மூடி புதுசாக வாங்கு என்றாள். ஜாடியைத் தொட்டால் கையை உடைப்பேன் என்றாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒயின் ஜாடி போடுகிற பாவத்துக்குக் கடவுள் அவளை அல்ல, என்னைத்தான் மன்னிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். சம்பந்தியம்மாவுக்கு அவளே போன் செய்து, ஈஸ்டர் வாரத்தில் வந்து ஒரு தடவை குடித்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் கடையில் வாங்குங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றாள்.

அந்த அம்மா வந்தார். தனியாக வந்தார். அன்றைக்கும் வாசனை இருந்தது, கைக்குட்டையும் இருந்தது. மனைவி ஒரு குவாட்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சம்பந்தியம்மா அந்தப் பாட்டிலின் உருவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

மூடியைத் திருகி இரண்டு கிளாஸில் ஊற்றினாள். சம்பந்தியம்மா ஒரு வாய் வைத்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்த எனக்கு மறுபடியும் ஏறியது. ஆனால் கிளாஸ் காலி ஆனது. மனைவி கேட்காமல் மிச்சத்தை ஊற்றினாள். அதுவும் காலி. எனக்கு யாரும் ஊற்றவில்லை.

"எங்க அம்மா போட்டா கிராம்பு தூக்கலா இருக்கும், நாக்கு எரியும். இதுல அளவா கீது," என்றார் சம்பந்தியம்மா. இருபது வருஷம் கழித்து அந்த 'கீது' என்ற ராயபுரத்து வார்த்தை வாயில் வந்ததை அவரே கவனிக்கவில்லை. "எத்தனை பாட்டில் போட்டிருக்கீங்க?"

"நாப்பது," என்றாள் என் மனைவி.

சம்பந்தியம்மா விரல் விட்டு எண்ணினார். அவர் பக்கத்து ஆட்கள், எங்கள் பக்கத்து ஆட்கள், ஃபாதர்.

"பத்தாது சம்பந்தி," என்றார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு சந்துக்குக் கிளம்பினேன்.